சூடேறாத குவியல்

முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷர். வண்டியை நடுவழியில் நிறுத்தியதே இல்லை என்று பீற்றிக்கொள்வார். இப்போது வயசாகிவிட்டது, அரை மணிக்கொரு தரம் பாத்ரூம் வாசலில் நிறுத்த வேண்டியிருக்கிறது. மகன் வீட்டில் இருப்பதோ ஒரே பாத்ரூம். வெட்கம் தாங்காமல் தண்ணீர் குடிப்பதையே பாதியாகக் குறைத்துவிட்டார்.

அப்படிப்பட்டவர் முன்னால் மருமகள் ஒரு பிளாஸ்டிக் கேனோடு வந்து நின்றாள். மொட்டை மாடியில் நாற்று வளர்த்து விற்கிறவள். உரத்துக்காக அவள் குவித்து வைத்த மரத்தூளும் சருகும் சூடேறி மக்குவேனா என்றது. மாதக் கடைசிக்குள் இந்தக் குப்பை மக்காவிட்டால் மாடியைக் காலி செய் என்று கீழ்வீட்டு ஓனரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. குவியலுக்குச் சத்து பத்தல. இனிமே ஒண்ணுக்கு இந்தக் கேன்ல போனீங்கன்னா, தண்ணி கலந்து அதுல ஊத்திடுவேன்."

"என்னம்மா, விளையாடுறியா?"

"நிஜமாத்தான் மாமா. பகல் பூரா வீட்ல இருக்கறது நீங்கதானே?"

அட கடவுளே, மருமகள் மாமனாரிடம் கேட்கிற காரியமா இது! காது சிவந்துபோனாலும் தலையாட்டினார். தன்னால் இந்த வீட்டுக்கு ஆக வேண்டிய வேலை என்று ஒன்று வந்து எவ்வளவு நாளாச்சு!

ஆனால் அந்தக் கேனை அவள் கையால் தூக்கிப்போவதை நினைத்தாலே கூசியது. அதனால் தினமும் யாருக்கும் தெரியாமல் அதில் ஒரு மூடி பினாயில் ஊற்றி வைத்தார். மனசு நிம்மதியானது.

மாதக் கடைசி வந்தது. குவியல் சில்லென்றே கிடந்தது. "விட்டுடலாம் மாமா, மூட்டை கட்டிடுறேன்" என்று கண் கலங்கியவள், இத்தனை நாள் மூக்கைப் பொத்திக்கொண்டே ஊற்றிய கேனை அன்று பொத்தாமல் திறந்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"மாமா, இதுல பினாயிலா ஊத்துனீங்க?"

"நாறக் கூடாதேன்னுதாம்மா..."

"ஐயோ மாமா! மக்க வைக்கிற கிருமியெல்லாம் செத்திருக்குமே!"

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவருக்கோ நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. உதவப் போய் அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே! சட்டையை மாட்டிக்கொண்டு நேராகக் கீழ்வீட்டுக்குப் போனார். கேன், பினாயில், ஒன்று விடாமல் ஓனரம்மாவிடம் சொன்னார்.

"தப்பு என்னுதும்மா. இன்னும் ரெண்டு வாரம் குடுங்க."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்த சிரிப்பு தெரு வரைக்கும் கேட்டிருக்கும். ஆனால் தவணை கொடுத்தாள்.

பழையதை அள்ளிப் போட்டுவிட்டு, புதுத் தூளும் சருகும் கூடை நிறைய தோட்டத்து மண்ணும் சேர்த்து இருவரும் மறுபடி குவித்தார்கள். இந்தத் தடவை பினாயில் பாட்டிலை அவரே தூக்கிப் பரணில் போட்டார்.

சொன்ன தவணைக்குள் ஒரு காலையில் குவியலில் ஆவி பறந்தது. பார்க்க வந்த ஓனரம்மா கையை நுழைத்து வெடுக்கென்று இழுத்தாள்.

"அம்மாடி, சுடுதே! நாத்தமும் இல்ல. எங்க வீட்டுக்காரரும் சும்மாதான் உக்காந்திருக்கார். ஒரு கேன் அனுப்பட்டுமா?"

பெரியவருக்குச் சுருக்கென்றது.

"அதெல்லாம் வேணாம். நான் ஒருத்தன் போதும்" என்றவர் மருமகள் பக்கம் திரும்பினார்.

"ஒரு சொம்பு தண்ணி கொண்டாம்மா. பெரிய சொம்பா பாத்து."