தேய்த்தெடுத்த எண்

கொரட்டூரில் தட்சிணாமூர்த்தியின் வீட்டில் யாரும் எதையும் தேடியதில்லை. நகவெட்டியா, கூடத்து அலமாரி, இரண்டாம் தட்டு, நீல டப்பா. வீட்டு வரி ரசீதா, பச்சைக் கோப்பு. கரண்ட் போனால் இருட்டில் கைநீட்டியே மெழுகுவத்தியை எடுத்துவிடலாம். கல்யாணமான புதிதில் இதற்கெல்லாம் முணுமுணுத்த மனைவி கண்ணம்மா, போகப்போக அந்த ஒழுங்குக்குப் பழகி, பிறகு அக்கம்பக்கத்தில் அதைப் பெருமையாகவே சொல்லத் தொடங்கியிருந்தாள்.

மாடியறை முழுக்க அவருடைய ராஜ்ஜியம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் லேத்தில் இரும்பு கடையும் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் இரும்பு இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. அறையின் ஒரு சுவரில் பெரிய பிளைவுட் பலகை. அதில் குறடு, அரம், ஸ்பேனர், ரம்பம் என்று எல்லாம் ஆணியில் தொங்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் அதன் உருவத்தைக் கறுப்பு பெயிண்டில் வரைந்திருந்தார். ஒன்றை எடுத்தால் அதன் நிழல் மட்டும் பலகையில் நிற்கும். எது திரும்பி வரவில்லை என்று வாசலில் இருந்தே தெரிந்துவிடும். எதிர்ச்சுவர்த் தட்டில் அவர் கையால் செய்தவை: உள்ளங்கை அளவில் நீராவி எஞ்சின்கள் ஒன்பது. ஸ்பிரிட் விளக்கை ஏற்றினால் ஒன்பதும் ஓடும்.

லீவுக்கு வந்திருந்த மகள் எழிலரசி அந்த அறையை வீடியோ எடுத்து இணையத்தில் போட்டாள். "எங்கப்பாவோட அறை" என்று தலைப்பு. நாலே நாளில் எங்கெங்கிருந்தோ பார்த்தார்கள். கம்பெனியில் ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸ்அப் குரூப்பிலும் யாரோ அதைப் போட, கும்பிடும் கைகளும் பூங்கொத்துகளுமாக வந்து குவிந்தன. தட்சிணாமூர்த்தி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். அவற்றுக்கு நடுவில் ஒரு வரி இருந்தது. "மூர்த்தி, ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன். பச்சையப்பன்."

அதைப் படித்ததும் அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

பச்சையப்பன் கம்பெனியில் கருவிகள் கொடுத்து வாங்கும் ஜன்னலில் இருந்தவர். வேலைக்காரர்கள் தங்கள் எண் போட்ட பித்தளை டோக்கனைக் கொடுத்து வேண்டியதை வாங்கிப் போவார்கள். திருப்பித் தந்தால் டோக்கன் திரும்பும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆவணி மாதத்துச் சனிக்கிழமை, ஷிப்ட் முடியும் நேரத்தில் தட்சிணாமூர்த்தி அந்த ஜன்னலுக்குப் போனார். வீட்டில் முதல் எஞ்சினைச் செய்துகொண்டிருந்த சமயம். பிஸ்டன் சரியாக உட்கார, தலைமுடிக் கனத்தைக்கூட அளந்து சொல்லும் மைக்ரோமீட்டர் தேவைப்பட்டது. பச்சையப்பன் டீ குடிக்கப் போயிருந்தார். ஜன்னலுக்குள் கையை விட்டால் எட்டும் தூரத்தில் அதன் பெட்டி இருந்தது. திங்கட்கிழமை காலையில் வைத்துவிட்டால் ஆயிற்று என்று எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் கம்பெனி கேட்டில் எல்லார் பையையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டோர் சரிபார்ப்பில் மைக்ரோமீட்டர் ஒன்று குறைகிறதாம். தட்சிணாமூர்த்தி சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்று உடம்பு சரியில்லை என்று லீவு. அதற்குள் பச்சையப்பனுக்கு மெமோ போயிற்று. பிறகு ஜன்னலில் இருந்து எடுத்து, யார்டில் லாரிக்கு லோடு ஏற்றும் இடத்துக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அவர் அங்கேதான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டார் பச்சையப்பன். அறுபத்தாறு வயதுக்கு அதிகமாகவே முதுகு வளைந்திருந்தது. மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று ஏறினார். அறைக்குள் வந்ததும் எஞ்சின்களைப் பார்க்கவில்லை. நேராகப் பலகையின் முன்னால் போய் நின்றார். வலது மூலையில் தொங்கிய மைக்ரோமீட்டரைக் கழற்றி, சுழற்றிப் பார்த்தார். தட்சிணாமூர்த்தி அவசரமாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"நல்லா வெச்சிகினுகிற மூர்த்தி," என்றார் பச்சையப்பன். "இந்த மாதிரி ஒண்ணத்தான் நான் தொலைச்சேன். யாருக்கோ டோக்கன் வாங்காம குட்த்துட்டேன். யாருக்குன்னு இன்னிவரிக்கும் நெனப்பு வரல."

அவர் முகத்தில் சந்தேகம் எதுவும் இல்லை. பொருளைத் திருப்பி அதன் இடத்தில் மாட்டினார். ஆணியில் அது சரியாக உட்கார்ந்ததா என்றும் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, வந்த காரியத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவருக்குத் தன்மேல் நம்பிக்கை போய்விட்டது. வீட்டுச் சாவியைக்கூட வைத்துக்கொள்வதில்லை. மனைவி வேம்புலியம்மாளிடம்தான் இருக்கும். ரேஷன் கார்டு, பேரப்பிள்ளையின் பீஸ் ரசீது எதையும் தொடுவதில்லை. வெளியே போனால் சட்டைப்பையில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு போகிறார்.

"எனக்கும் இந்த மாதிரி ஒரு பலகை போட்டுத் தர்றியா? சின்னதா போதும். நான் தொலைக்கிற ஆளு. நெழல வரைஞ்சிட்டா எனுக்கே தெரியும்ல."

சரி அண்ணே, அடுத்த ஞாயிறு கொண்டு வருகிறேன் என்றார் தட்சிணாமூர்த்தி. கண்ணம்மா கொடுத்த காபியைக் குடித்து, அவளிடம் அவள் புருஷனை வாயாரப் புகழ்ந்துவிட்டு பச்சையப்பன் போனார்.

அந்த வாரம் முழுக்க தட்சிணாமூர்த்தி பிளைவுட்டை அறுத்தார், உப்புத்தாள் போட்டார், வார்னிஷ் பூசினார். தொலைந்துபோன பொருள் ஒன்று. அதைத் தொலைத்தவன் தான்தான் என்று இருபத்திரண்டு வருஷமாக நம்பிய ஒரு மனிதர். பச்சையப்பன் தன்னைச் சந்தேகப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவருக்கு. சட்டையைப் பிடித்துக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், அல்லது காலில் விழுந்திருக்கலாம். அவரோ வார்னிஷ் வாசனை அடிக்கும் பலகைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பலகையைப் பழைய வேட்டியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆவடிக்கு ரயில் ஏறினார். மைக்ரோமீட்டர் பேன்ட் பாக்கெட்டில் இருந்தது. அண்ணனூர் தாண்டும்போது, பலகையை மட்டும் மாட்டிவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. ஆவடியில் ஷேர் ஆட்டோ பிடித்து முத்தாபுதுப்பேட்டையில் இறங்கியபோதும் அந்த நினைப்பு போகவில்லை.

பச்சையப்பனின் வீடு சின்னது, சுத்தமானது. ஹாலில் தரையில் அவர் தன் பொருள்களை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். மூக்குக் கண்ணாடி, பிரஷர் மாத்திரைப் பட்டை, கத்தரிக்கோல், டார்ச் லைட், கடைசியாக வீட்டுச் சாவி. நிழல் வரைய பென்சில்கூடச் சீவி வைத்திருந்தார். மருமகள் ரேவதி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

"சாவிய நானே வெச்சிக்கலாம்னு வேம்பு சொல்லிட்டா," என்றார் பச்சையப்பன் சின்னப் பையன் மாதிரி. "பலகை வந்தா குடுக்கறேன்னா."

தட்சிணாமூர்த்தி பென்சிலைக் கையில் எடுத்தார். சாவியைப் பலகையில் வைத்தார். கோடு போட வரவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு பாக்கெட்டில் இருந்ததை எடுத்துச் சாவிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நீங்க தொலைக்கலண்ணே. நான்தான் எடுத்தேன். திருப்பி வைக்க மறந்துட்டேன்."

பச்சையப்பன் அந்தப் பொருளையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்சிணாமூர்த்தி திட்டுக்குக் காத்திருந்தார். திட்டு வரவில்லை. பச்சையப்பன் உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"வேம்பு, கொஞ்சம் இங்க வா. இவரு இன்னாவோ சொல்றாரு, நீயும் கேளு."

வேம்புலியம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். கனத்த உடம்பு, நரைத்த கொண்டை. தட்சிணாமூர்த்தி தலையைக் குனிந்தபடி மறுபடி சொன்னார். மறந்துவிட்டேன் என்ற இடம் வந்ததும் அவள் நிறுத்தினாள்.

"திங்கக்கெழம மறந்துட்டீங்க. செவ்வாக்கெழமயுமா மறந்துட்டீங்க?"

அவரால் அவளைப் பார்க்க முடியவில்லை. மறக்கவில்லை, கேட்டில் பை திறந்து பார்த்தார்கள், பயந்துவிட்டேன், பிறகு ஒவ்வொரு நாளும் பயம் கூடிக்கொண்டே போயிற்று என்றார். இவரை யார்டுக்கு மாற்றியது தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றார். லாரியில் லோடு ஏற்றும்போது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டாள். அவருடைய மெஷினுக்குப் பக்கத்து ஜன்னல் யார்டைப் பார்த்தே இருந்தது. பார்த்திருக்கிறேன் என்றார்.

அவள் அழவும் இல்லை, குரல் உயர்த்தவும் இல்லை. "ரேவதி," என்று கூப்பிட்டாள். மருமகள் அறை வாசலில் வந்து நின்றதும் தட்சிணாமூர்த்தியைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னொரு வாட்டி சொல்லுங்க. இந்தப் பொண்ணு வந்த நாள்ல இருந்து மாமனாருக்கு ஞாபகம் பத்தாதுன்னு நெனச்சிகினுகீது. அதும் காதுல உழணும்."

மூன்றாம் முறை சொல்லத் தொடங்கும்போதே வாசலில் பைக் வந்து நின்றது. கறி வாங்கப் போயிருந்த மகன் தினேஷ் பையோடு உள்ளே வந்தான். முதலில் இருந்து சொல்லச் சொன்னாள் வேம்புலியம்மாள். சின்ன வயசில் கம்பெனி விழாவில் பார்த்த மூர்த்தி மாமாவைத் தினேஷ் அடையாளம் கண்டு சிரிக்கப் போனான். அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒளிந்துகொள்ள இருந்த இடம் ஒன்று குறைந்துகொண்டே வந்தது. இந்த முறை தட்சிணாமூர்த்தி யாரும் கேட்காததையும் சொன்னார். அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கருவிகளை எல்லாம் கழுவி வரிசையாக வைக்கும்போது, இதை மட்டும் வைக்காமல் விட்டுவிட மனம் வரவில்லை. கம்பெனி எண் அதில் வெட்டியிருந்தது. அரத்தை எடுத்து, எண் மறையும்வரை தேய்த்தார். பிறகு பளபளப்பாக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, மற்றவற்றோடு சேர்த்து வைத்துக் கற்பூரம் காட்டினார். எடுத்தபோது திருடுகிறோம் என்று தோன்றவில்லை. தேய்த்தபோது நன்றாகத் தெரிந்தது.

சொல்லி முடித்தபோது டீயில் ஏடு படிந்திருந்தது.

தினேஷ் அப்பாவின் பக்கம் திரும்பினான். "அப்ப நீ தொலைக்கலியா நைனா?"

"இல்லடா," என்றார் பச்சையப்பன்.

எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். குழாயைத் திறந்து முகம் கழுவும் சத்தம் வந்தது; நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

தினேஷ் கறிப் பையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, குரூப்பிலும் இதை எழுதுங்கள் என்றான். அங்கேதானே எல்லாரும் உங்களைக் கும்பிட்டார்கள் என்றான். தட்சிணாமூர்த்தி போனை எடுத்தார். ஒற்றை விரலால் தமிழில் அடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. இரண்டு முறை அடித்துவிட்டு அழித்தார். யாரும் உதவவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. அனுப்பியதும் போனை அணைத்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது மைக்ரோமீட்டரை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். அது இங்கேயே இருக்கட்டும் என்றாள் வேம்புலியம்மாள். சொந்தக்காரர்கள் வருவார்கள், காட்ட வேண்டும் என்றாள். பச்சையப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து வாசல்வரை நடந்தார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, தட்சிணாமூர்த்தியும் கேட்கவில்லை.

"பலகைய எடுத்துகினு போ மூர்த்தி," என்றார். அவ்வளவுதான்.

திரும்பி வருகிற ரயிலில் உட்கார இடம் இருந்தும் அவர் பலகையோடு வாசலருகே நின்றுகொண்டே வந்தார். வீட்டில் இன்னும் ஒரு முறை சொல்ல வேண்டும். போன் அணைத்துக் கிடந்ததால் அதற்குள் யார் என்ன எழுதினார்கள் என்று தெரியவில்லை. கண்ணம்மாவுக்கு யாராவது போன் செய்திருப்பார்களோ என்று நினைத்தார். செய்திருந்தால் தேவலை என்றும் நினைத்தார்.

யாரும் செய்திருக்கவில்லை. எழிலரசி வெளியே போயிருந்தாள். கண்ணம்மா சாப்பாட்டு மேஜையில் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். பலகையை ஏன் திருப்பிக் கொண்டுவந்தீர்கள், அளவு பத்தவில்லையா என்று கேட்டாள். அவர் எதிரில் உட்கார்ந்து, அரத்தில் தேய்த்தது வரை எதையும் விடாமல் சொன்னார்.

கண்ணம்மா உருவுவதை நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் உருவி முடித்து, காம்புகளை ஒன்றாகச் சேர்த்த பிறகே பேசினாள்.

"இது எந்த வருஷம்?"

சொன்னார்.

"அந்தத் தையிலதானே எழிலுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தினோம். பச்சையப்பண்ணன் வீட்டம்மா வந்தாங்க. யார்டுல வேலைன்னு அண்ணன் வரல. அவங்க மட்டும் ரெண்டு பஸ் மாறி, தட்டுல புடவையும் பழமும் வெச்சு எடுத்துகிட்டு வந்தாங்க. நீங்கதான் வாங்கி உள்ள கொண்டு போனீங்க."

தட்சிணாமூர்த்திக்கு அது நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் அந்தத் தட்டோ புடவையின் நிறமோ நினைவுக்கு வரவில்லை. வேம்புலியம்மாளுக்கு நினைவு இருந்திருக்கும். அவர் முன்னால் நின்று எத்தனையோ கேட்டாள்; அதை மட்டும் சொல்லிக் காட்டவில்லை.

கண்ணம்மா எழுந்து கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சிறிது நேரம் கழித்து அவருக்கு ஒரு தட்டு வைத்து, சோறு போட்டாள். எப்போதும் எதிரில் உட்கார்ந்து கூடவே சாப்பிடுகிறவள், அன்று உட்காரவில்லை.