மேக்கணக்குக்கு ஏறிய தேர்

இலங்கை மலையகத்தில் றொசல்லைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் தேர் மேல்பிரிவான மேக்கணக்குக்குப் போனதே கிடையாது. கீழ்க்கணக்கில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றிவிட்டுச் செங்குத்தான வளைவோடு திரும்பிவிடும். மேக்கணக்குச் சனம்தான் பூசைத் தட்டோடு இறங்கி வரவேண்டும். "அம்மனுக்கே ஒங்கள புடிக்கல" என்று கீழே கேலி பேசுவார்கள். கோயில் தலைவர் அழகுமுத்து அதைக் கொஞ்சம் உரக்கவே பேசுவார். அவர் உடம்பு பெரிது, குரல் அதைவிடப் பெரிது.

1961 மாசியில் தோட்டத்து மேலாளரான துரை, தேர் இழுக்க ட்ரக்டரைக் கொடுத்தார். அதை ஓட்டும் நல்லமுத்து மேக்கணக்குக்காரன். இரண்டு சக்கர இழுவைப் பெட்டியில் தேரைக் கட்டி, "இந்த வருசம் அம்மா எங்க லயத்துக்கு வருவா" என்று ஊர் முன்னால் சொல்லிவிட்டான். ஏறாவிட்டால் கேலி சாபமாகவே நிலைத்துவிடும்.

வளைவில் ட்ரக்டரின் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. அழகுமுத்துவின் வெள்ளை வேட்டியெல்லாம் சேறு.

"சாமிக்கு இஷ்டமில்ல. திருப்புடா!"

நல்லமுத்து சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டு, பெட்டியும் ட்ரக்டரும் சேரும் கொக்கியருகே குந்திப் பார்த்தான். பெட்டியின் இழுவைச் சட்டம் கொக்கியை மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

"சாமி கோவமில்லீங்க தலைவரே. பின்னால பாரம் கூடிப்போச்சு. பெட்டி ட்ரக்டரத் தூக்குது. சக்கரம் எப்புடி மண்ணப் புடிக்கும்?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

ஆனால் அவர் கண் பெட்டிக்குப் போனது. லயத்துக்கு லயம் கொடுத்த அரிசி மூட்டையும் தேங்காயும் அம்மன் முகத்தை மறைக்கக் கூடாதென்று பின்னால் குவிந்திருந்தன. அந்த ஏற்பாடு அவருடையதுதான்.

நல்லமுத்து மூன்று மூட்டைகளை மட்டும் முன்னால் மாற்றச் சொன்னான். மீதி மூட்டைகளையும் தூக்கப் போனவர்களைத் தடுத்தான். "எல்லாம் முன்னால வந்தா ட்ரக்டர் மூக்கத் தூக்கிரும்." சட்டத்தை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தான். வைத்தியர் நாடி பிடிப்பதுபோல் அத்தனை நிதானம். சுற்றிக் கத்துகிற கூட்டம் அவன் காதில் விழவே இல்லை. அழகுமுத்துவுக்குக் கோபம் போய் வியப்பு வந்துவிட்டது. இந்தப் பயலுக்குள் இவ்வளவு சரக்கா!

"இன்னும் ஒராள் பாரம் வேணும். நல்ல கனமான ஆளா." நல்லமுத்து அவரையே பார்த்தான்.

கூட்டம் சிரித்தது. அழகுமுத்து வேட்டியை மடித்துக் கட்டிப் பெட்டியின் முன்பலகையில் ஏறினார்.

இந்தமுறை சக்கரம் மண்ணைக் கவ்வியது. தேர் அங்குலம் அங்குலமாக வளைவைத் தாண்டியது. மேலே பெண்கள் குலவையிட்டார்கள். இத்தனை வருசம் தட்டோடு மலை இறங்கிய வேலாயி தன் வாசலிலேயே நின்று, கும்பிடவும் மறந்து அழுதாள். அவளைப் பார்த்ததும் அழகுமுத்துவுக்கு, தான் பேசிய கேலியெல்லாம் நினைவுக்கு வந்தது. வெட்கத்தோடு இறங்கக் காலைத் தூக்கினார்.

"எறங்கிறாதீங்க தலைவரே. மேல இன்னும் ஒரு லயம் இருக்கு."

அவர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஓட்டுங்க தம்பி" என்றார்.