நாலெழுத்து வெப்பம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை, ஒரு தப்பில் பிறந்தது. அதைச் செய்தது யார் என்பதை நாலாவது பகுதியில் சொல்வதாகத் திட்டம். மூன்று வாரமாக உள்ளே வைத்துக்கொண்டு துடிக்கிறேன், முன்னாலேயே உளறிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தொடக்கம் இப்படி: "சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அக்காவின் கம்ப்யூட்டர் பெருமூச்சு விட்டது." கம்ப்யூட்டராவது பெருமூச்சு விடுவதாவது! விசிறிதான் இரைந்தது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "வெப்பம் என்பது என்ன? ஆதிமனிதன் நெருப்பைக் கண்ட அந்த" (வேண்டாம். இந்த வழியில் போனால் அக்கா வந்து சேர்வதற்குள் நீங்கள் குறட்டை விடுவீர்கள்.)

மூன்றாவது தொடக்கம்தான் நீங்கள் இப்போது படித்தது.

2

அக்கா ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. இரண்டு வருடமாக, பள்ளி விட்டு வந்த நேரமெல்லாம் உட்கார்ந்து மூன்று நிமிடப் பொம்மைப்படம் ஒன்று செய்திருந்தாள். பேருந்தில் மறந்து வைக்கப்பட்ட குடை தன் சொந்தக்காரரைத் தேடிப் போகிறது, அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தக் குடை நடக்கும் நடையைப் பார்த்தால் இனி எந்தப் பேருந்திலும் குடையை மறக்க மாட்டீர்கள். நான் மறப்பதில்லை.

புதியவர்களுக்கான போட்டி. அந்தச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் படத்தை அனுப்பியாக வேண்டும். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அக்காவுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இதுதான் கடைசி வாய்ப்பு. அதற்கு முந்தின வாரம் பார்த்தா பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட வேண்டும்? அத்தான் பாகம் பாகமாக வாங்கி, காணொளிகளைப் பார்த்துப் பார்த்து, புதியதைத் தானே பூட்டிக் கொடுத்தார்.

வேலை இதுதான். அந்த மூன்று நிமிடத்துக்கு மொத்தம் இரண்டாயிரத்து எழுநூறு தனித்தனிப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒளி, நிழல் எல்லாம் கணக்கிட்டுக் கம்ப்யூட்டர் வரைந்து தள்ள வேண்டும். காலை எட்டுக்குத் தொடங்கி நிமிடத்துக்கு ஒன்பது வீதம் போனால் ஐந்து மணி நேரத்தில் முடியும். மதியம் ஒரு மணிக்கே ஆட்டம் போடலாம்!

"இவ்வளவு வேலை குடுத்தா உள்ள இருக்கற சிப்பு சூடாகிடாதாடா?" என்றாள் அக்கா.

"பாத்துட்டா போச்சு," என்று சூடு பார்க்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். தமிழில் இருந்த ஒன்றாகப் பார்த்து. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாரேன், 'வெப்பம்'னு எவ்வளவு அழகா எழுதியிருக்கான்!"

3

வேலை தொடங்குமுன் 'வெப்பம்' என்ற கட்டத்தில் 45 என்று இருந்தது. தொடங்கியதும் 20. பிறகு 9. நாங்கள் திரைக்கு மூக்கை ஒட்டிவிட்டோம். 3!

"வேலை குடுக்கக் குடுக்கக் குளிருதேடா!"

"விசிறி வேகமா சுத்துதில்லக்கா, அதான்." இந்த விளக்கத்தை நான் துளியும் கூச்சமில்லாமல் கொடுத்தேன்.

எண் பூஜ்ஜியத்துக்கு வந்தபோது இரண்டு பேரும் கைதட்டினோம். சத்தியமாகக் கைதட்டினோம். அக்கா அத்தானின் பணிமனைக்கு ஃபோன் போட்டு, "உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணுங்க!" என்றாள்.

அந்த மகிழ்ச்சியில் இன்னொரு எண்ணை நாங்கள் பார்க்கவே இல்லை. பன்னிரண்டரை மணிக்குப் பார்த்தபோது முடிந்திருந்த படங்கள் தொள்ளாயிரம்தான். நிமிடத்துக்கு மூன்றுதான் தேறும் என்கிற மாதிரி கம்ப்யூட்டர் நகர்ந்துகொண்டிருந்தது.*

* கணக்குப் போடும் வாசகர்களுக்கு: வீசக் கணக்கெல்லாம் கேட்காதீர்கள், மூன்றேகால் சொச்சம். மிச்சம் ஆயிரத்து எண்ணூறு. அந்த வேகத்தில் இரவு ஒன்பதரை ஆகும். அக்கா கணக்குப் போட்ட தாளை மடித்து விசைப்பலகைக்கு அடியில் செருகினாள்.

4

இங்கேதான் அத்தான் வருகிறார். இவர்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. பேருந்துப் பணிமனை மெக்கானிக் ஒருவர், சரியான நேரத்தில், அரைநாள் வேலை முடிந்து உள்ளே நுழைவது கதைக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது. ஒரு வரைவில் இவரை அலுவலகக் குமாஸ்தாவாக மாற்றிப் பார்த்தேன். குமாஸ்தா வந்தார், "அடடா" என்றார், சாப்பிடப் போய்விட்டார். எனவே மெக்கானிக்கையே திருப்பிக் கூப்பிட்டேன்.

வந்தவர் திரையைப் பார்க்கவில்லை. பெட்டிக்குப் பின்னால், காற்று வெளியே வரும் இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"என்ன மாப்ள, காத்து சில்லுனு வருது?"

"சில்லுனுதானே வரணும் அத்தான்? உள்ள பூஜ்ஜியம் டிகிரி!"

"பூஜ்ஜியமா? இந்த ரூமே முப்பது இருக்கும். ரூம் காத்தை ஊதி ரூமைவிடக் குளிர வைக்க முடியுமா? நான் கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்தேனா, ஃப்ரிட்ஜ் வாங்கிக் குடுத்தேனா?" அவர் குரல் மாறியது. "உழைக்கிறது சூடாகும், அது தப்பில்ல. ஆனா அந்தச் சூடு வெளிய வரணும். வெளிய வரலைன்னா உள்ளயே நிக்குது."

நான் மீண்டும் அந்தக் கட்டத்தைப் பார்த்தேன். வெப்பம்: 0. அந்தச் சொல்

(இந்த வாக்கியத்தை ஆறு முறை தொடங்கி ஆறு முறை விட்டிருக்கிறேன்.)

அந்தச் சொல்லை எழுதியவன் நான். வயிற்றுப்பாட்டுக்கு மென்பொருள்களை மொழிபெயர்க்கிறேன். போன வருடம் ஒரே பிற்பகலில் முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள். எந்த மென்பொருள் என்று பெயர்கூடச் சொல்லவில்லை, வெறும் பட்டியல்தான் வந்தது. அதில் ஒன்று, சிப்பு தாங்கக்கூடிய எல்லையைத் தொட இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்பதைக் குறிக்கும் தலைப்பு. 'எல்லைவரை மீதமுள்ள வெப்பம்' என்று சரியாகத்தான் எழுதினேன். கட்டத்துக்குள் அடங்கவில்லை, சுருக்கு என்றார்கள். முன்னால் இருந்ததை வெட்டிவிட்டு 'வெப்பம்' என்று வைத்தேன். நாலெழுத்து.

'மீதம்' என்று வைத்திருக்கலாம். மூன்றே எழுத்து!

நாங்கள் கைதட்டியது குளிர்ச்சிக்கு அல்ல. சிப்பு தன் எல்லையான தொண்ணூற்றைந்து டிகிரியில் வெந்து, இனி மீதமில்லை என்று தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டதற்கு.

"அக்கா, அது வெப்பம் இல்ல. இன்னும் எவ்வளவு தாங்கும்ங்கற மீதம்."

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"எங்கயோ படிச்சேன்."

எழுதினேன் என்று சொல்ல வேண்டிய வாய், படிச்சேன் என்றது.

5

"பிரிச்சுப் பாத்துடலாம், அரை மணி நேரம்," என்றார் அத்தான்.

"பிரிச்சு, மறுபடி உயிர் வரலைன்னா?"

"பிரிக்கலைன்னா அஞ்சு மணிக்கு முடியவே முடியாது. நீயே சொல்லு."

அக்கா ஒரு நிமிடம் திரையில் பாதி வரைந்து நின்ற குடையைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். "பிரிங்க. மறுபடி என்னைக் கேக்காதீங்க, பிரிங்க!"

சிப்பின் சூட்டை வாங்கி வெளியே அனுப்ப வேண்டிய, விசிறியோடு இருந்த உலோகக் கட்டியை அத்தான் கழற்றித் திருப்பினார். அடியில், சிப்பைத் தொட வேண்டிய இடத்தில், மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதில் சிவப்பில் எழுதியிருந்தது: மாட்டும் முன் உரிக்கவும்.

அத்தான் அதை இரண்டு விரலால் உரித்துத் தூக்கிப் பிடித்தார். "என் வேலைதான். எழுதியே வச்சிருக்கான், நான்தான் உரிக்காம மாட்டிட்டேன்."

"தங்கக் காப்பு கேன்சல்," என்றாள் அக்கா. மூன்று பேரும் சிரித்தோம். என் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

6

ஒரு மணிக்கு மறுபடி உயிர் வந்தது! மீதம் 60. வேலை கொடுத்தோம். 40. 27. 22. நிற்கிறது. அங்கேயே நிற்கிறது! தொண்ணூற்றைந்தில் இருபத்திரண்டு போனால் எழுபத்து மூன்று. முழு வேலையில் இருக்கும் சிப்புக்கு அது ஆரோக்கியமான சூடு. அத்தான் பின்னால் கை வைத்துப் பார்த்து, "வெதுவெதுன்னு வருது!" என்று கத்தினார். பிறந்த குழந்தையின் அழுகைக்குக்கூட யாரும் அப்படிக் கத்தியிருக்க மாட்டார்கள்.

நாலு இருபதுக்குக் கடைசிப் படம். எல்லாவற்றையும் கோத்து அனுப்ப, நாலு ஐம்பத்து மூன்றுக்குப் போட்டிக்காரர்களின் பக்கத்தில் பச்சை நிறத்தில் 'கிடைத்தது' என்று வந்தது. அக்கா என்னைக் கட்டிப்பிடித்து, "நீ மட்டும் அதைப் படிச்சிருக்கலைன்னா!" என்றாள்.

7

இங்கேயே முடித்திருக்கலாம். நல்ல முடிவு. முடிக்க முடியவில்லை, ஏனென்றால் இந்த மூன்று வாரமாக, வீட்டுக்கு யார் வந்தாலும் அக்கா இதைச் சொல்கிறாள். "பூஜ்ஜியத்தைப் பாத்துக் கைதட்டின மண்டு நான். தமிழ்லயே எழுதியிருக்கு, அதைக்கூட ஒழுங்காப் படிக்கத் தெரியல. தம்பிதான் காப்பாத்தினான்." பதினோரு முறை கேட்டுவிட்டேன். அவள் ஒழுங்காகத்தான் படித்தாள்.

முடிவு அ: கதையில் நான் அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பொய், சொல்லவில்லை.

முடிவு ஆ: நான் சொல்லவே இல்லை, மென்பொருள்காரர்களுக்குத் திருத்தம் மட்டும் அனுப்புகிறேன். அனுப்பியும்விட்டேன். முகம் தெரியாதவர்களிடம் தப்பை ஒத்துக்கொள்வதில் என்ன கஷ்டம்?

முடிவு இ: இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போகிறேன். அவள் படித்து முடித்துச் சொல்லப்போவது 'போடா'வா, 'வாடா'வா, அதைவிடக் கனமான வேறொன்றா, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத ஒன்றை எழுத மாட்டேன். இவ்வளவு நேரம் அவளோடு இருந்தீர்களே, நீங்களே சொல்லுங்கள்.

"அக்கா, கதவைத் திற. அந்த மண்டு நீ இல்ல."