மாவுக்கட்டுச் சுவர்

ஆல்வின் முன்கூடத்தின் குறுக்கே டேப்பை இழுத்துப் பிடித்து அளந்தான். நம்பிக்கை வராமல் மறுபடியும் குனிந்து அளந்தான். அமலி உள்ளறை நிலையில் சாய்ந்து மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், பெஞ்சுகளின்மேல் வைத்த பெட்டிக்குள், பெனடிக்ட் வெள்ளைச் சட்டையும் கையில் ஜெபமாலையுமாகப் படுத்திருந்தார். நேற்றுக் காலை குழாயடியில் பல் விளக்க உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

"பெட்டி திரும்பாதும்மா," என்றான் ஆல்வின். "காலையில வெறும் பெட்டியை நட்டமா நிமுத்திக் கொண்டாந்துட்டோம். இப்ப அப்பாவை வெச்சுட்டு அப்படி நிமுத்த முடியுமா?"

முடியாது. அது அவளுக்கும் தெரியும். உள்ளறையிலிருந்து வெளியே வரும் பெட்டி முன்கூடத்தில் வாசல் பக்கமாகத் திரும்பியாக வேண்டும். எதிர்ச்சுவரில் அவர் பதித்திருந்த மாவுக்கட்டுகள் ஒரு முழத்துக்குத் துருத்திக்கொண்டு நின்றன. நாலு மணிக்குப் பூசை என்று கோயில் உபதேசியார் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மணி மூன்றேகால்.

"வாசல் பக்கம் இருக்கறதை மட்டும் தட்டி உட்டுர்றேன்," என்று அவன் சுத்தியலைத் தேடிப் போனான்.

பெனடிக்ட் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடம் மாவுக்கட்டு போட்டவர். எலும்பு கூடியதும் கட்டை வெட்டிப் பிரிப்பதும் அவர் வேலைதான். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், பிரித்த கட்டு ஒன்றை, போட்டிருந்தவரிடம் கேட்டு வாங்கி, மஞ்சள் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிறகு இன்னொன்று. பிறகு அதுவே வழக்கமாகிப் போனது. வெயிலில் காயவைப்பார், வெள்ளை பூசுவார், உட்புறம் வெளியே தெரியும்படி ஒன்றின்மேல் ஒன்றைச் சாய்த்துச் சுவரில் சேர்ப்பார். முழங்கை மடங்கியிருந்த இடம், கெண்டைக்கால் படுத்திருந்த இடம், மணிக்கட்டு ஒடுங்கிய இடம். ஆனால் பார்க்கிற ஒருவருக்கும் அது கையென்றோ காலென்றோ தோன்றாது. வெள்ளைக் குழிகளும் மேடுகளுமாகப் பன்னிரண்டடி நீளத்துக்கு என்னவோ ஒன்று அசைந்து போவது போலிருக்கும். சாயந்தர வெயில் வாசலில் நுழைந்தால் ஒவ்வொரு குழியிலும் நிழல் ஒவ்வொரு அளவில் தங்கும்.

"இது என்னங்க, மேகமா?" என்று யாராவது கேட்டால், "எனக்கும் தெரியலீங்க," என்பார்.

அமலியிடம் மட்டும் ஒருதரம் சொன்னார். "எலும்பு கூடற வரைக்கும் ஒரு ஆளைப் புடிச்சுக்கிட்டு இருந்துதில்ல. குப்பையில போட மனசு வரல கண்ணு."

அவளுக்கு அந்தச் சுவரை ஆகவே ஆகாது. புலியகுளத்துப் பிள்ளைகள் அந்த வீட்டுக்கு 'எலும்பூடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அக்காவின் சம்பந்தி வீட்டார் வந்தபோது சுவரைப் பார்த்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் வாசலோடு பேசிவிட்டுப் போனார்கள். ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் பிரஷ்ஷை வைத்துத் தூசி தட்டுவது அவள்தான். திட்டிக்கொண்டே தட்டுவாள். போன கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கும்போது பொறுக்க முடியாமல், "நீங்க போற அன்னிக்கே இதை இடிச்சுப்போடுவேன், பாருங்க," என்று சொல்லியும் விட்டாள். அவர் சிரித்துக்கொண்டே பிரஷ்ஷை டப்பாவில் முக்கினார்.

ஆல்வின் சுத்தியலோடு வந்து கையை ஓங்கினான்.

"இருடா," என்றாள் அமலி.

"நேரமாகுதும்மா. நீதான எப்பப் பாத்தாலும் இதை..."

"இருங்கறேன். அடிச்சா மொத்தமும் வந்துரும். எல்லாம் வாசப் பக்கமாச் சாஞ்சு, ஒண்ணுக்கொண்ணு முட்டுக் குடுத்துட்டு நிக்குது."

தூசி தட்டும்போது ஒன்றில் விரல் அழுந்தினால் நாலாவது அசைவதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அடுப்பில் கிடந்த வெந்நீரைச் சட்டியோடு கொண்டுவந்து, துணியை நனைத்து, வாசல் பக்கத்து இணைப்புகளில் ஒற்றினாள். மாவு ஊறியதும், அவருடைய கட்டு வெட்டும் கத்தரியை உள்ளே விட்டுக் கட்டுத் துணியை நறுக்கினாள். முதல் துண்டு கையோடு வந்தது. அதை எடுத்ததும் மேல் வரிசை முனகிக்கொண்டு இறங்கியது. வெள்ளைப் பொடி உதிர்ந்தது.

வாசலில் நின்றிருந்தவர்களில் ஒருவர் தாவி வந்து இரண்டு உள்ளங்கைகளாலும் அதைத் தாங்கிக்கொண்டார். நாற்பது வயதிருக்கும். ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து வைத்தார்.

"நான் பஷீருங்கம்மா. பல்லடம். லாரி கவுந்து கால் போயிருச்சுன்னு இருந்தவனை ஐயாதான் மூணு மாசம் பாத்தாருங்க. என் காலும் இதுல எங்கயோ இருக்குதுங்க."

"உங்குளுது எதுங்க?"

"தெரியலீங்க. எதா இருந்தா என்னுங்க? வேற எங்க புடிக்கோணும், சொல்லுங்க."

கோழிப்பண்ணையில் வேலை செய்யும் பழனியாத்தாள் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள். தோள் முறிந்து கட்டுப் போட்டவள். அந்தக் கை மேலே எழும்பாததால் கீழ் வரிசைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். அமலி இடம் காட்டக் காட்ட, பேர் தெரியாத இன்னும் இரண்டு பேர் கை கொடுத்தார்கள்.

ஏழு துண்டுகள் வந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஊதாப் பென்சிலில் பெனடிக்டின் எழுத்து: கட்டுப் போட்ட தேதி, பிரித்த தேதி. பெயர் எதிலும் இல்லை. அமலி ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் அவருடைய கட்டிலில் வைத்துவிட்டு வந்தாள். அதற்குள் நடுவிலிருந்த பெரிய துண்டு நழுவத் தொடங்கியிருந்தது. அதைப் பிடிக்க ஆளில்லை. அவளே போய் இரண்டு கைகளையும் அதன் குழிக்குள் கொடுத்துச் சுவரோடு அழுத்தி நின்றாள்.

"அம்மா, நீ பெட்டி பக்கத்துல வரோணுமில்ல," என்றான் ஆல்வின்.

"கைய எடுத்தா உழுந்துரும். தூக்குங்க."

"கடைசியா ஒருக்கா மொகத்தைப் பாத்துக்க அம்மணி," என்றாள் பழனியாத்தாள் கீழேயிருந்து.

"பாத்துட்டனுங்க."

பெட்டி வெளியே வரும் சத்தம் கேட்டது. "மெதுவா, மெதுவா. தலைமாட்டைத் திருப்பு." சுவரைப் பார்த்து நின்றவர்கள் வயிற்றை எக்கி மூச்சை அடக்கினார்கள். திரும்புகையில் பெட்டியின் கால்மாடு அமலியின் முதுகில் உரசியது. ஆல்வின் பிடியை மாற்றுவதற்காக ஒரு கணம் நின்றான். அந்த ஒரு கணம், புது மரத்தின் விளிம்பு அவள் சேலையில் பட்டபடி இருந்தது. அவள் கண்ணுக்கு நேரே, மாவில் பதிந்து காய்ந்த துணியின் நெசவு. யாருடையதோ ஒரு முழங்காலின் சுருக்கம்.

பிறகு முதுகில் எதுவும் இல்லை. வாசலில் ஜெபம் தொடங்கியது. கோயில் மணி அடித்தது.

"போங்கம்மா," என்றார் பஷீர். "நாங்க புடிச்சுக்கறோம். ஒரு பலகை வெச்சு முட்டுக் குடுத்துட்டு நானும் பின்னாலயே வந்தர்றனுங்க."

அமலி இடது கையை எடுத்தாள். அந்த இடத்துக்கு, கீழ் வரிசையைப் பக்கத்திலிருந்தவரிடம் விட்டு எழுந்து வந்த பழனியாத்தாள் தன் நல்ல கையைக் கொடுத்தாள். வலது கை மட்டும் இன்னும் சற்று நேரம் அங்கேயே இருந்தது.