மத்தியான வெயிலுக்கு ஒரு ஜெட்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் பிறக்கவில்லை. மாமாவின் பல்செட் பட்டறையில், பொய்ப்பற்களை உலர வைக்கிற தட்டில் பிறந்தது. இந்த வாரம் அங்கே போனபோது கடைவாய்ப் பற்களுக்கு நடுவே ஒரு குட்டிப் பித்தளைத் திருகு கிடந்தது. அதன் நடுவில் இருந்த துளையை ஈயம் வைத்து அடைத்திருந்தார்கள்.

"இது யாரோட பல்லு மாமா?"

"உங்க அக்காவோடது," என்றார், சிரிக்காமல்.

மாமா என்றால் அக்காவின் கணவர். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல்செட் செய்பவர். அக்கா வாரநாட்களில் டவுன் பஸ் ஓட்டுகிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் மண்ணும் மேடுமான மைதானத்தில் டர்ட் பைக் ஓட்டுகிறாள். நான் அவர்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, அவர்களைப் பற்றியே எழுதுகிறேன்.

2

ஆரம்பம் மூன்று தடவை தகராறு செய்தது.

'சூரியன் தன் அக்கினிக் கரங்களால் மைதானத்தைத் தழுவிய அந்த' (அடித்துவிட்டேன். நல்ல வெயில் என்றால் போதாதா?)

'அவள் ஹெல்மெட்டைக் கழற்றியபோதுதான் தெரிந்தது, ஓட்டியது ஒரு' (இதுவும் போயிற்று. அக்காவின் குரல் ஹெல்மெட்டைத் தாண்டி மைதானத்தின் மறுகோடிவரை கேட்கும். யாருக்கு என்ன ஆச்சரியம் வந்துவிடப் போகிறது?)

'ஊர்க்கோடியில் ஒரு பழைய ஒர்க்‌ஷாப். அங்கே வெள்ளைத் தாடியோடு ஒரு மெக்கானிக்.' இதை மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அக்கா வாங்கிப் படித்தாள்.

"யாருடா இந்தக் கிழவர்?"

"இவர்தான் உனக்கு விஷயத்தைச் சொல்லித்தரப் போறார்."

"அப்படி யாரும் வரலையே."

"கதைன்னா அப்படி ஒருத்தர் வேணும்லக்கா."

"மண்டையை உடைச்சுக்கிட்டது நாங்க ரெண்டு பேரு. மாலை இவருக்கா? தூக்குடா அவரை."

தூக்கிவிட்டேன். அந்தத் தாடிக்கு ஒரு பத்தி முழுக்க உழைத்திருந்தேன், வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது.

3

இனி தாடி இல்லாமல் சொல்கிறேன்.

இரண்டு வருடமாக, வெயில் கால ரேஸில் மட்டும் அக்காவின் வண்டி நின்றுவிடுகிறது. காலையில் வீட்டு வாசலில் உதைத்தால் கிண்ணென்று எடுக்கும். மத்தியானம் மைதானத்தில் இரண்டாவது சுற்றிலேயே திக்கும், இருமும், புகையைக் கக்கிவிட்டுப் படுத்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கறுப்பாக, ஈரமாக இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை பயிற்சியிலும் இதே கூத்து. அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

சமையலறைத் தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அடுத்த ஞாயிறு ரேஸ். சனிக்கிழமை மத்தியானம் கடைசியா ஒருதடவை ஓட்டிப் பாப்பேன். அப்பவும் நின்னா வித்துடறேன். தள்ளிக்கிட்டே திரியணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"

அக்கா சொன்னால் சொன்னதுதான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருநாள் கோபத்தில் 'இனிமே காபிக்குச் சர்க்கரை வேண்டாம்' என்றாள். இன்றுவரை போட்டுக்கொண்டதில்லை. அதனால் சனிக்கிழமைக்குள் வண்டி ஓடியாக வேண்டும்.

(பைக் ஓட்டாதவர்களுக்கு ஓரமாக ஒரு வார்த்தை. கார்புரேட்டர் என்பது காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாத்திரம். பெட்ரோல் எவ்வளவு போகவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது நான் சொன்ன பித்தளைத் திருகின் துளை. அதற்குப் பெயர் ஜெட். துளை பெரிதானால் பெட்ரோல் கூடும், சிறிதானால் குறையும். இவ்வளவுதான். இதைச் சொல்ல முந்தின வரைவில் இரண்டு பக்கம் எடுத்துக்கொண்டேன்.)

4

மாமாவிடம் ஒரு யோசனை இருந்தது. வெயிலில் நமக்குத் தாகம் எடுக்கிறது, வண்டிக்கும் எடுக்காதா? கூடக் கொஞ்சம் பெட்ரோல் விட்டால் சரியாகிவிடும். பல்லைக் குடைகிற தலைமுடிக் கனத் துளையூசிகள் அவர் மேஜையில் வரிசையாக நிற்கின்றன. ஒன்றை எடுத்து ஜெட்டின் துளையைத் துளியூண்டு பெரிதாக்கினார். எனக்கு இது பிரமாதமாகப் பட்டது. 'இயந்திரமும் ஓர் உயிரே. அதன் நாவறட்சியை உணர்ந்தவன்' என்று எழுதக்கூட ஆரம்பித்தேன். (அதை இங்கே அரைகுறையாகவே விட்டிருக்கிறேன். என் லட்சணம் உங்களுக்கும் தெரியட்டும்.)

செவ்வாய்க்கிழமை மத்தியானம், பஸ் டூட்டி இடைவேளையில் ஓட்டிப் பார்த்தபோது, வண்டி முதல் சுற்றிலேயே நின்றது. புகையில் அக்காவையே காணவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் மறுபடி இருவரும் வாசலில் உட்கார்ந்தார்கள். மாமாவின் பட்டறை திறப்பது மத்தியானம், அதனால் எப்போதுமே கார்புரேட்டர் வேலை காலைக் குளிர்ச்சியில்தான். வண்டி சமர்த்தாக ஓடியது. அக்கா ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியையே பார்த்தாள்.

"நாம எப்பங்க ட்யூன் பண்றோம்?"

"காலைல."

"நிக்கிறது எப்ப?"

மாமா கையைத் துணியில் துடைக்க ஆரம்பித்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வெயில்ல காத்து லேசாயிடுதுங்க. வண்டி அதே மூச்சுதான் இழுக்குது, ஆனா உள்ள போற காத்து கம்மி. பெட்ரோல் மட்டும் காலைல வெச்ச அளவு. எரிய வழியில்லாம நனைஞ்சு அணையுது. நாம குறைக்கணும். நீங்க கூட்டியிருக்கீங்க."

வருடக்கணக்காக இந்த வீட்டில் காலைக் குளிருக்கு வண்டியைச் சரிசெய்து மத்தியான வெயிலில் ஓட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்று காபி குடித்த எனக்கும் உறைக்கவில்லை.

5

கடையில் சின்ன ஜெட் இல்லை. வெயில் தொடங்கியதும் எல்லாரும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மாமா இருக்கிற ஜெட்டையே பல்லடைப்பது போல ஈயத்தால் அடைத்தார். அதில் புதிதாகச் சின்னத் துளை போட்டால் போதும். அவருக்கு அது ஒரு வேலையே இல்லை.

ஆனால் போடவில்லை. வியாழக்கிழமை முழுக்க ஜெட் தட்டில் கிடந்தது. முதல் வரைவில் நான் அவரைச் சோம்பேறியாக்கியிருந்தேன். வெள்ளிக்கிழமை அக்காவோடு நானும் பட்டறைக்குப் போனேன், அப்புறம்தான் அந்த வரியை அழித்தேன்.

"அடைச்சாச்சுல்ல. துளை போட என்ன கஷ்டம்?" என்றாள் அக்கா.

மாமா பூதக்கண்ணாடியைத் தள்ளி வைத்தார். "பெரிசா போட்டா வண்டி நிக்கும். நீ தள்ளிக்கிட்டு வருவே. ரொம்பச் சின்னதா போட்டா? இது டூ ஸ்ட்ரோக் வண்டி, என்ஜினுக்கு ஆயில் பெட்ரோலோட கலந்துதான் வருது. பெட்ரோல் குறைஞ்சா ஆயிலும் குறையும். முழு வேகத்துல சூடேறி பிஸ்டன் அப்படியே பிடிச்சுக்கும், பின்சக்கரம் பூட்டிக்கும். நீ எங்க போய் விழுவேன்னு எனக்குத் தெரியாது."

தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "தாகம் கீகம்னு சொன்னது பாதிதான். பாதி பயம். ரெண்டு வருஷமா ஒரு அளவு பெரிசாவே போட்டுட்டு வர்றேன். புகை வந்தா வரட்டும், நீ முழுசா வீட்டுக்கு வந்தா போதும்னு."

(இங்கே அக்காவை அழ வைத்திருந்தேன். 'நான் எப்படா அழுதேன்?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.)

அக்கா ஒரு ஸ்டூலை இழுத்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் ஐம்பது பேரை அடக்குகிற குரல் அப்படித் தணிந்து நான் கேட்டதில்லை.

"உங்க பயத்துக்கு அளவெடுத்து ஜெட் போட்டா வண்டி எப்படிங்க ஓடும்? வெயிலுக்கு அளவெடுங்க. பயத்தை நான் பாத்துக்கறேன்."

மாமா பூதக்கண்ணாடியை இழுத்துக்கொண்டார். ஊசி இறங்கும்வரை அக்கா நகரவில்லை. எனக்கு அவர்கள் இருவரையும் பார்க்க ரொம்பச் சந்தோஷமாக இருந்தது, அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

6

சனிக்கிழமை, உச்சி வெயில், பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற மைதானம்.

சோதனை இதுதான். மறுகோடிவரை முழு வேகத்தில் போகவேண்டும். அதே வேகத்தில் என்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்கவேண்டும். ஈரக் கறுப்பு என்றால் பெட்ரோல் இன்னும் அதிகம். வெள்ளை என்றால் ஆபத்தான அளவுக்குக் குறைவு. பால் காபி நிறம் என்றால் கச்சிதம்.

அக்கா கிளம்பினாள். சத்தம் திக்காமல் ஒரே கோடாக ஏறியது. மண்மேட்டைத் தாண்டி மறைந்தாள். சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

பிறகு நின்றது.

அவளே அணைத்தாளா, தானாக நின்றதா, பிஸ்டன் பிடித்துக்கொண்டதா? இந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கு மூன்றும் ஒரே மௌனம்தான். நான் அதை யோசித்து முடிப்பதற்குள் மாமா ஓடிவிட்டார். மனைவி ஓட்டுகிற பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத மனிதர். ஒரு செருப்பு வழியிலேயே கழன்றது, மற்றது மேட்டில் போயிற்று.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா வண்டிமேல் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மாமா கொதிக்கிற மண்ணில் மாறி மாறிக் கால் வைத்துக்கொண்டு நின்றார். பேச மூச்சில்லை.

"செருப்பு எங்கங்க?" என்றாள். தன் கையுறைகளைக் கழற்றித் தரையில் போட்டாள். அவர் அவற்றின்மேல் ஏறி நின்றுகொண்டு பிளக்கைக் கழற்றினார். துணியில் பிடித்துப் பார்த்தார். அக்காவிடம் நீட்டினார். அவள் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

7

மூன்று முடிவுகள் எழுதினேன்.

(அ) கறுப்பு. வண்டி விலைபோகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா தூங்குகிறாள், மாமா அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு

(ஆ) வெள்ளை. மாமா மறுபடி பூதக்கண்ணாடியை

(இ) பால் காபி. அக்கா கோப்பையைத் தலைக்குமேல் தூக்கி

அக்கா மூன்றையும் படித்தாள். "கோப்பையா? முழுசா ஓட்டி முடிச்சாலே போதும்டா." பிறகு மூன்றையும் அடித்தாள். "நிறத்தை எழுதாத. எழுதினா எல்லாரும் நிறத்தையே பாப்பாங்க. அவர் ஓடினதை எழுது."

எழுதிவிட்டேன்.

இன்று ஞாயிறு காலை. மாமா வாசலில் வண்டியைக் கழுவுகிறார். விற்கப் போகிற வண்டியையும் கழுவுவார்கள், ரேஸுக்குப் போகிற வண்டியையும் கழுவுவார்கள். நேற்றுக் கழற்றிய பிளக் என் மேஜையில் இருக்கிறது, வண்டிக்கு வேறு போட்டாயிற்று. நிறம் என்ன என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், அக்காவின் உத்தரவை மீற எனக்குத் தைரியமில்லை.

கீழிருந்து அக்காவின் குரல் வருகிறது. "வர்றியா இல்லையாடா?" எங்கே என்று சொல்லவில்லை. மாமா காலில் புதிதாக ஷூ போட்டிருக்கிறார், நாடாவை இரட்டை முடிச்சாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் கிளம்புகிறேன். நீங்களும் வருவதானால் ஒரு தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.