ராயம்மாள் கலைக்காத மண்

ராயம்மாளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியபோது தர்மதாஸ் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். செஞ்சியில் வக்கீல் ரங்கநாதனிடம் பதினோரு வருஷமாகக் குமாஸ்தா. கட்சிக்காரர்கள் தமிழில் சொல்வதை நோட்டில் எழுதிக்கொண்டு இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுப்பான்.

ராயம்மாள் வல்லத்துப் பக்கம் ஒண்டியாக மல்லாட்டைக் கடலை பயிரிடுகிறவள். சர்வே கல்லைப் பிடுங்கி என் நிலத்துக்குள் தள்ளி நட்டுவிட்டாள் என்று பக்கத்து நிலத்துப் பெரியதம்பி அறுபத்து நாலாம் வருஷம் வழக்குப் போட்டிருந்தார். அவளுக்காக வாதாடியவர் ரங்கநாதன்.

எதிர்த்தரப்பு வக்கீல், ராயம்மாள் பேரில் தாக்கலாகியிருந்த வாக்குமூலத் தாளை உயர்த்திப் பிடித்தார்.

"கல்லைச் சுத்தி மண்ணைக் கலைச்சேன்னு நீயே இதுல சொல்லிக் கைநாட்டு வச்சிருக்க. இப்ப இல்லங்கிற. எது பொய்?"

"நான் போறப்பவே மண்ணு கலஞ்சிதான் கெடந்துது சாமி. நான் கலைக்கல."

அந்தத் தாளை அடித்தவன் தர்மதாஸ்தான். அதை அடித்த நாள் காலை, கோர்ட்டுக்கு நேரமாகிறது என்று ரங்கநாதன் தலைக்கு மேல் நின்று விரட்டிக்கொண்டிருந்தார். மண் கலைந்து கிடக்கக் கண்டேன் என்பதற்கு 'ஐ ஃபவுண்ட் த சாயில் டிஸ்டர்ப்ட்' என்று வர வேண்டும். அவசரத்தில் 'ஃபவுண்ட்' விழுந்துபோய், கடைசிச் சொல் முன்னால் வந்து, 'ஐ டிஸ்டர்ப்ட் த சாயில்' ஆகிவிட்டது. நானே கலைத்தேன் என்று அர்த்தம்.

சாப்பாட்டு இடைவேளையில் வராந்தாவில் வக்கீலிடம் சொன்னான். அவர் கோபப்படவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கிழவிக்குத் தமிழ்ல படிச்சிக் காட்டினேன்னு அதுக்குக் கீழ நான் கையெழுத்து போட்டிருக்கேன். படிச்சிக் காட்டினனா? நீ வாயைத் தொறந்தா மொதல்ல போறது என் வக்கீல் சன்னது."

கிழவி மறந்துபோய் மாற்றிச் சொல்கிறாள் என்று வாதாடிக்கொள்கிறேன், நீ போய் அந்த நோட்டை அடுப்பில் போட்டுவிட்டு வா என்றார்.

தர்மதாஸ் ஆபீசுக்கு நடந்தான். வெயிலில் மலைக் கற்கள் கண்ணைக் கூசவைத்தன. நோட்டைப் பிரித்தான். 'மண் கலஞ்சி கெடந்தது' என்று அவன் கையெழுத்திலேயே தெளிவாக இருந்தது. எதிரே டீக்கடை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேல்சித்தாமூரில் கல்யாண வயதில் இரண்டு பெண்கள் அவனுக்கு. இந்த வேலை போனால் செஞ்சியில் வேறெந்த வக்கீலும் அவனைப் படியேற்ற மாட்டார். கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு திரும்பினான்.

கோர்ட் மறுபடி கூடியிருந்தது. சாட்சி முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார் என்று நீதிபதி குறிக்கத் தொடங்கியபோது தர்மதாஸ் எழுந்து நின்றான். ரங்கநாதன் திரும்பிப் பார்த்தார். உட்கார் என்று கண்ணாலேயே சொன்னார்.

"அந்த அம்மா சொன்னது சரிதாங்க. தப்பு என்னுது."

முன்னால் போய் நோட்டை நீட்டினான். நீதிபதி நோட்டையும் வாக்குமூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 'டிஸ்டர்ப்ட்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் கொண்டாய் என்று கேட்டார். தூக்கத்தைக் கெடுத்தாலும் அதே சொல்தான், மனசு கலங்கினாலும் அதேதான், மண்ணைக் கிளறினாலும் அதேதான் என்றான் தர்மதாஸ். யார் செய்தது என்பதை மற்ற சொற்கள்தான் காட்டும், அதில் ஒன்றை நான் விட்டுவிட்டேன் என்றான்.

"படித்துக் காட்டியதாகக் கையெழுத்து இருக்கிறதே?" என்றார் நீதிபதி.

தர்மதாஸ் வக்கீலைப் பார்த்தான். நீதிபதியின் பார்வையும் ரங்கநாதன் மேல் போய் நின்றது. ரங்கநாதன் எழுந்து, படித்துக் காட்டவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

நீதிபதி அவரை எல்லார் முன்னாலும் கண்டித்தார். வாக்குமூலத்தைத் திருத்தச் சொல்லி, நிலத்தை அளக்கக் கோர்ட் கமிஷனரை அனுப்பினார். அளந்து பார்த்ததில் கல் நகர்ந்திருந்தது பெரியதம்பியின் நிலத்துக்குள் அல்ல, ராயம்மாளின் நிலத்துக்குள், அவளுக்கு நஷ்டமாகத்தான். பெரியதம்பியின் வழக்குத் தள்ளுபடியானது.

ரங்கநாதனின் சன்னது தப்பியது. தர்மதாஸின் வேலையோ அவன் எழுந்து பேசிய அன்று சாயங்காலமே போயிருந்தது. அவர் திட்டவில்லை, ஆபீஸ் சாவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்றே பஸ் நிற்கும் இடத்தில் ராயம்மாள் அவனைக் கண்டு பக்கத்தில் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தான்.

"அன்னிக்கே படிச்சிக் காட்டியிருந்தா, இந்த வயசுல பொய்க்காரின்னு பேர் வாங்கியிருப்பனா?" என்று கேட்டாள்.

வல்லம் பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.