ஒரே மாவு, இரண்டு கைகள்

ரொட்டிக்கடைக்காரருக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது; தட்டுகளை டங்கென்று வைப்பார். அந்த வாரம் முழுக்கத் தட்டுகள் அலறிக்கொண்டிருந்தன. மாவு பிசையப் புதிதாக ஓர் அம்மாள் வந்ததிலிருந்து ரொட்டி எழும்பவே இல்லை. "இது ரொட்டியா, செருப்பா? ஜோடியாத்தான் தருவீங்களா?" என்று பேருந்து ஓட்டுநர் ஒருவர் கேட்டுவிட்டுப் போனது அவர் காதிலேயே நின்றது.

அந்த அம்மாள் மீது வேறு குறை சொல்வதற்கில்லை. இந்த வேலையை நம்பித்தான் அடுத்த தெருவில் வாடகைக்கு அறை எடுத்து மகளோடு இருந்தார். அவரை நிறுத்திவிடுவது என்று முடிவெடுத்த பிறகும் கடைக்காரருக்குச் சொல்ல வாய் வரவில்லை. காலையில் அடுப்பு மூட்டுமுன் கண்மூடி வேண்டும்போது, 'கடவுளே, அவங்களா நின்னுட்டா நல்லா இருக்கும்' என்று ஒரு விண்ணப்பத்தையும் சேர்த்துக்கொண்டார். கடவுள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்த தங்கையிடம் புலம்பினார். அவள் பள்ளியில் அறிவியல் டீச்சர்.

"அவங்க கைதான் காரணம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அவங்க வந்தாங்க, ரொட்டி படுத்துடுச்சு. இதுக்கு மேல என்ன தெரியணும்?"

"என் பிள்ளைங்க இப்படி எழுதினா முட்டைதான் போடுவேன். நீ ஒரு மாவு பிசை அண்ணா, அவங்க ஒண்ணு பிசையட்டும். மாவு, தண்ணி, உப்பு, ஈஸ்ட், நேரம் எல்லாம் ஒண்ணா இருக்கணும். கை மட்டும்தான் வேற."

கடைக்காரர் உள்ளே வேலையாக இருந்த அந்த அம்மாளைக் கூப்பிட்டார்; இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பிசைந்தார்கள். அந்த அம்மாள் குனிந்த தலை நிமிரவில்லை. மாவு ஊறி முடிந்ததும் ஈரத்துணியை விலக்கிப் பார்த்தார்கள். இரண்டும் சோம்பிக் கிடந்தன என்றாலும், கடைக்காரருடையது கொஞ்சம் உப்பலாக இருந்தது.

"பாத்தியா!" என்றார்.

"பாத்தேன். உன் கிண்ணம் அடுப்போரம் கதகதப்பா இருக்கு. அவங்க கிண்ணம் வாசக்கதவுகிட்ட காத்து வாங்குது. இது என்ன நியாயம்?"

கடைக்காரர் கிண்ணங்களைப் பார்த்தார். வேண்டுமென்று செய்யவில்லை, தன் கிண்ணத்தை எப்போதும் வைக்கும் இடத்தில்தான் வைத்திருந்தார். ஆனால் அந்த அம்மாளின் கிண்ணத்தைக் கதவருகே தள்ளியதும் அவர் கைதான். முகம் சிறுத்துப்போனது. மறுபடி மாவை அளந்தார். இந்த முறை இரண்டு கிண்ணங்களும் ஒரே பலகையில், ஒட்டிக்கொண்டு இருந்தன.

இரண்டும் ஒன்றுபோலப் படுத்துக் கிடந்தன.

"அப்போ கை இல்லை" என்றாள் தங்கை. "அவங்க வந்த அன்னைக்கு வேற என்ன மாத்தினே?"

"நான் எதையும் மாத்தலையே!"

அந்த அம்மாள் தயங்கித் தயங்கி, "என் பை வைக்க அலமாரியில ஒரு தட்டு ஒழிச்சுக் கொடுத்தீங்களேண்ணே" என்றார்.

அந்தத் தட்டில் முன்பு இருந்தது ஈஸ்ட் டப்பா. அதை அவர்தான் எடுத்து அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் வைத்தார். நாள் முழுக்க அனல் அடிக்கும் இடம்.

"ஈஸ்ட் செத்துப்போச்சு!" என்று தலையில் கைவைத்தார். "நல்லது செய்யப்போய் நானே கெடுத்துட்டேனே."

"இரு, அதுக்குள்ள ஒப்பாரி வைக்காதே. இதையும் பாத்துடலாம். அந்த டப்பாவுல இருந்து ஒண்ணு, புதுப் பாக்கெட்டுல இருந்து ஒண்ணு. ரெண்டையும் அவங்களே பிசையட்டும்."

அந்த அம்மாள் இரண்டையும் ஒரே மாதிரி பிசைந்தார். பழைய ஈஸ்ட் போட்டது அசையவில்லை. புது ஈஸ்ட் போட்டது துணியையே தூக்கிக்கொண்டு எழுந்து நின்றது. தங்கை கைதட்டினாள்.

"என் பையைக் கீழ வச்சுக்கறேண்ணே. டப்பா பழைய இடத்துக்கே போகட்டும்" என்றார் அந்த அம்மாள்.

"பை அங்கேயே இருக்கட்டும். டப்பாவுக்குக் குளிர்ச்சியா வேற இடம் கிடைக்காமலா போயிடும்?" என்ற கடைக்காரர் அவரை நேராகப் பார்த்தார். "உங்களை நிறுத்திடலாம்னு இருந்தேம்மா. மன்னிச்சுடுங்க."

"தெரியும்ணே. ரெண்டு நாளா என் முகத்தைப் பாத்தே நீங்க பேசலையே."

"தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டா சொல்லிடுவீங்களே!"

தங்கை சிரித்துவிட்டாள். கடைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் கலங்கியது. இரண்டு மாவும் அடுப்பில் வெந்து இறங்கியதும் எழும்பிய ரொட்டியைத் தாளில் சுற்றி, "பொண்ணுக்குக் கொடுங்க" என்று அந்த அம்மாளிடம் நீட்டினார். படுத்த ரொட்டியைத் தன் டீயில் தோய்த்துத் தின்றார்.